ஆறு கடைகளும் ஒரு மதகும்

பீர்க்கன்கரணை
ஐப்பசி 24, 10.11.2025

ஏரிக்கரை வாழ் பெருமக்களே! குரல் ஈந்த நாற்பத்திரண்டு நல்லுள்ளங்களே! உங்கள் குரலால் உருவான விளையாட்டை உங்கள் கைக்கே எட்டாத உயரத்தில் ஒருத்தி ஏற்றிவைத்துவிட்டாள்!

மேடையாக இருந்திருந்தால் இப்படித்தான் முழங்கியிருப்பேன், நிகத். இங்கே கேட்பவளும் நீ, குற்றம் சாட்டப்படுபவளும் நீ. ஆகவே ஒலிவாங்கியைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஏன் எழுத்து என்று கேட்பாய். உன் அண்ணன் பர்வேஸின் கணினிக் கடையில் புதன்கிழமை நீ சொன்ன சொல் என்னைத் தைத்துவிட்டது. பழுதுபார்க்க வந்தவர்கள் நான்கைந்து பேர் நின்றிருக்க, "உன்கிட்ட வாய் குடுத்து யாருக்கா ஜெயிக்க முடியும்? நான் ஒரு பாயின்ட் சொல்றதுக்குள்ள நீ கைதட்டே வாங்கிடுற" என்றாய். நல்லது. இனி கைதட்ட ஆளில்லாத இடத்தில் வழக்காடுவோம். உன் எண்ணைக் கைபேசியில் தடுத்துவிட்டேன். மடல்கள் உன் அண்ணன் கடை வழியே வரும், போகும்.

இப்போது என் குற்றச்சாட்டு. இரண்டரை ஆண்டு உழைத்தோம். நான் கதையும் உரையாடலும் எழுதினேன். நீ நிரல் எழுதி அதற்கு உயிர் கொடுத்தாய். கொட்டும் மழையில் ஏரி நிறைகிறது. கரைமேல் நிற்கும் ஆட்டக்காரர் எந்த மதகை எப்போது திறப்பது, எந்தத் தெருவைக் காப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் நம் கணினி விளையாட்டு 'மதகு'. ஒவ்வொரு தெருவிலிருந்தும் எழும் கூக்குரல் நம் ஊராரின் உண்மைக் குரல். மீன் விற்கும் பச்சையம்மா, "ஏய், எங்க தெருவுல தண்ணி ஏறிகினு கீது, நீ இன்னா பாத்துகினு நிக்குற?" என்று கத்துவதைக் கேட்டு நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோமே, மறந்துவிட்டாயா?

அந்தப் பச்சையம்மாவால் இந்த விளையாட்டை ஆட முடியாது. கிரேநார்த் என்னும் ஒற்றை இணையக் கடைக்கு ஓராண்டுத் தனியுரிமை கொடுத்து நீ அனுப்பிய உடன்படிக்கையை உன் அண்ணன் கணினித் திரையிலேயே கண்டேன். அந்தக் கடையின் விளையாட்டுகள் இணையம் அறுந்தால் நின்றுவிடும். பழைய கணினியை அது வாசற்படியிலேயே திருப்பி அனுப்பும். மொழிப் பட்டியலில் தமிழுக்கு இடமே இல்லை. நாம் 'பிற' என்னும் மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டுமாம்.

தை முதல் நாள் ஆறு கடைகளிலும் ஒருசேர வெளிவரும் என்று செங்கற்பட்டு மேடையில் அறிவித்திருக்கிறேன். அந்தச் சொல்லை நீ பொய்யாக்கிவிட்டாய். என்னைக் கேட்டாயா? எழுத்தில் கேட்டாயா? உடன்படிக்கையைத் திரும்பப் பெறு.

ஓவியா


பெருங்களத்தூர்
13.11.2025

ஓவியா அக்கா,

கடிதத்தை அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். "பத்து நிமிஷ நடையில கீற ரெண்டு பேருக்கு நான் போஸ்ட்மேன் வேல பாக்கணுமா? பேஜார்மா இது" என்று திட்டிவிட்டுப் போனார். அதனால் சுருக்கமாக எழுத முயல்கிறேன்.

"கேட்டாயா" என்கிறாய். கேட்டேன். அக்டோபர் 14 அன்று மூன்று பக்கம் கைப்பட எழுதினேன். கிரேநார்த் என்ன தருகிறது, என்ன கேட்கிறது, எனக்கு ஏன் அது வேண்டும் என்று எல்லாமே அதில் இருந்தது. பதினாறாம் தேதி செங்கல்பட்டுக் கூட்டத்தில் அண்ணன் அதை உன் கையிலேயே கொடுத்தார். நம் பங்குதாரர் ஒப்பந்தத்தின் நான்காவது விதியை எழுதியது யார்? "ஒருவர் எழுத்தில் கேட்டு, ஏழு நாளுக்குள் மற்றவர் மறுமொழி தராவிடில், அது இசைவாகக் கொள்ளப்படும்." கடைக்கு நடுவில் எழுந்து நின்று அதை நீ வாசித்தபோது பிரிண்டர் வாங்க வந்தவர்கூடக் கைதட்டினார். உடன்படிக்கையை நான் எட்டாவது நாள்தான் அனுப்பினேன்.

நீ என்னைக் கேட்டாயா, அக்கா? ஆறு கடை, தை ஒன்று. இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் தெரியுமா? கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த மாளவிகா வீடியோவைக் காட்டி, "இது உன் கேம்தானே?" என்றாள். கேளம்பாக்கம் சிக்னலில் பஸ் நின்றிருந்தது. உன் குரல் மட்டும் பஸ் முழுக்கக் கேட்டது.

கடை என்றால் உனக்கு ஒரு பெயர். எனக்கு ஒவ்வொரு கடையும் ஒரு தனி வேலை. ஒவ்வொன்றுக்கும் விளையாட்டைத் தனியாகக் கட்டி ஏற்ற வேண்டும். அட்டைப்படம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவில். ஆட்டத்தைச் சேமிக்கும் முறையும் கடைக்குக் கடை வேறு. ஒரு பிழையைத் திருத்தினால் ஆறு இடத்தில் திருத்த வேண்டும், ஆறு இடத்தில் சோதிக்க வேண்டும். காலை நாலு மணிக்கு எழுந்து ஏழு மணி பஸ் வரைக்கும் செய்கிறேன். பிறகு சிறுசேரியில் நாள் முழுக்க அதே கீபோர்டு. வலது மணிக்கட்டில் இப்போது பட்டை போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட நடுநடுவே நிறுத்தித்தான் எழுதினேன்.

கிரேநார்த்தில் நான்கு பேர் உட்கார்ந்து நம் விளையாட்டில் பிழை தேடுவார்கள். இரண்டரை வருஷத்தில் முதல்முறையாக என்னைத் தவிர யாராவது தேடுவார்கள். அதற்காகத்தான் அக்கா.

ஆறு கடைதான் என்றால், ஃபைல்களை எல்லாம் உன்னிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. என்னால் முடியாது, அவ்வளவுதான்.

நிகத்


பீர்க்கன்கரணை
கார்த்திகை 1, 17.11.2025

நிகத்,

உன் மடலைப் படித்ததும், பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுமொழி எழுதவும் அமர்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது. சினம் நன்றாகவே ஓடியது. பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தேன்.

மேடையில் தோளில் போர்த்தும் துணிகளை நான் பிரிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். வாங்கி, மடித்து, பையில் இட்டு, வீட்டில் அடுக்கிவைப்பேன். செங்கற்பட்டில் கிடைத்தவை நான்கு. மூன்றாவதன் மடிப்பில் உன் உறை இருந்தது, ஒட்டியது ஒட்டியபடி. உன் அண்ணன் அதை நீட்டியபோது நான் படியேறிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் வாசலில் போர்த்திய துணி, மறுகையில் நினைவுப் பரிசு. உறையைத் துணிக்குள் செருகிவிட்டு ஒலிவாங்கியின் முன் நின்றேன். நின்ற வேகத்தில் ஆறு கடை என்று முழங்கினேன். அவ்வேளையில் அதற்கு எதிரான உன் மூன்று பக்கமும் என் தோளருகே, பைக்குள் இருந்திருக்கின்றன.

இன்னும் ஒன்று. ஆறு என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று நேற்று முழுதும் எண்ணிப் பார்த்தேன். எங்கிருந்தும் வரவில்லை. 'நான்கு கடை' என்று தொடங்கினேன், ஒலி அடங்கிப்போயிற்று. 'ஆறு' என்றேன், அவை நிமிர்ந்தது. அந்த ஆறும் எவை என்று இன்று எவரேனும் வினவினால் மூன்றின் பெயரைச் சொல்வேன், நான்காவதற்கு இருமுவேன்.

தவறு என்னுடையது. எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்; அண்ணன் படித்தாலும் கவலையில்லை.

ஆனால் ஒரு செய்தியை மட்டும் விட்டுக்கொடுக்க இயலாது. குரல் பதிய ஒவ்வொருவர் வாசலிலும் நின்றபோது அவர்கள் எவரும் கூலி கேட்கவில்லை. "நாங்க பேசுனது எங்க காதுக்கு வருமா?" என்று மட்டுமே கேட்டார்கள். வரும் என்றேன். இணையம் வேண்டாம், வங்கி அட்டை வேண்டாம், பர்வேஸ் அண்ணன் கடைக் கணினியிலேயே ஆடலாம் என்றேன். அது மேடைப் பேச்சன்று, நிகத். முகத்துக்கு முகம் கொடுத்த சொல். கிரேநார்த் ஓராண்டு பூட்டிவிட்டால் நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பேன்?

எனக்குக் கடைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீ சொல்லிக்கொடு. எது எப்படி என்று எழுது. மேடையை மறந்து படிக்கிறேன். அதற்கு முன் அந்தக் கையை இரண்டு நாள் அசைக்காதே.

ஓவியா


பெருங்களத்தூர்
20.11.2025

அக்கா,

ஆறு என்பது ஓசைக்காக வந்தது என்று படித்து, பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். மாளவிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நீ ஒப்புக்கொண்ட பிறகு நான் ஒளித்துவைத்ததும் சொல்லத்தான் வேண்டும். கடிதத்தை நீ படியேறும்போது கொடுக்கச் சொன்னது நான்தான். வீட்டில் கொடுக்கிறேன் என்றுதான் அண்ணன் சொன்னார். வேண்டாம், கூட்டத்தில் கொடுங்கள் என்றேன். மேடை கண்ணில் பட்டால் உனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது என்று எனக்குத் தெரியும். ஏழு நாளும் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டுவிடக் கூடாதே என்று. கேட்கவும் வேண்டும், நீ 'வேண்டாம்' என்று சொல்லவும் கூடாது. விதியை நீ எழுதினாய், அதில் இருந்த ஓட்டையை நான் பயன்படுத்திக்கொண்டேன். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்மா நீ" என்றார். பாராட்டாக எனக்குத் தெரியவில்லை.

சரி, கடைகள். நமக்கு உண்மையில் பொருட்டானவை மூன்று.

ஹார்பர்தான் பெரியது. இதுபோன்ற விளையாட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். தனியுரிமை கேட்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான விளையாட்டுக்கு நடுவே நாம் காணாமல் போகலாம். முன்பக்கத்தில் யாரும் நம்மை உட்காரவைக்க மாட்டார்கள். ஓப்பன்ஷெல்ஃப் சிறியது, கூட்டம் குறைவு. ஆனால் அங்கே பூட்டே கிடையாது. ஒருமுறை இறக்கினால் ஃபைல் நம்முடையது. பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் ஆடலாம், நெட் இல்லாமல். மூன்றாவது கிரேநார்த். மற்றவை எல்லாம் இந்த மூன்றின் சாயல்தான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

நீ தெருவில் கொடுத்த சொல்லை ஓப்பன்ஷெல்ஃப் ஒன்றே காப்பாற்றும். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பச்சையம்மா அக்காவிடம் கணினி கிடையாது என்று தெரிந்தும், அவர் எங்கே ஆடுவார் என்று நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. வாங்குபவர்களைப் பற்றியே நினைத்தேன்.

கிரேநார்த்தில் நம்மைக் கவனிக்கும் அபிகாயில் என்ற பெண்ணுக்கு, விலகிக்கொள்ள முடியுமா என்று கேட்டு நேற்று எழுதினேன். மறுத்துவிட்டால் ஒரு வருஷம் நாம் கட்டுண்டவர்கள். இன்னும் பதில் இல்லை.

நிகத்


பீர்க்கன்கரணை
கார்த்திகை 10, 26.11.2025

நிகத்,

மறுமொழி வந்ததா என்று நாளும் உன் அண்ணனைக் கேட்கிறேன். இன்று அவர் என்னைக் கண்டதும் கேட்காமலே தலையை ஆட்டினார், இல்லை என்று.

உன் தந்திரத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். வருந்தினேன், பிறகு நினைத்துப் பார்த்தேன். என்னிடம் நேரே வந்து 'எனக்கு முடியவில்லை' என்று சொல்ல நீ அஞ்சும்படி நான் நடந்திருக்கிறேன். அது உன் குற்றத்தைவிடப் பெரிது. நான்காம் விதியை இன்று அடித்துவிட்டேன். புதிய விதி இது: "மறுமொழி வராவிடில், வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்." என் கையொப்பம் இட்டிருக்கிறேன், நீயும் இடு.

காத்திருக்கும் நாளை வீணாக்கவில்லை. ஹார்பருக்கு வேண்டிய அட்டைப்படங்களை உன் அண்ணனிடம் கற்றுக்கொண்டு நானே வெட்டினேன். பதினொன்று. ஒன்றில் மதகு தலைகீழாக நிற்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதைத் திருத்திவிட்டேன். கடைப் பக்கத்துக்கான விளக்கவுரையையும் எழுதினேன். முதலில் நான்கு பக்கம் வந்தது, இப்போது ஒன்பது வரி. இனி எந்தக் கடையானாலும் படமும் சொல்லும் என் வேலை. உன் மணிக்கட்டு அதைத் தொடக் கூடாது.

ஞாயிறன்று இல்லை, அடுத்த ஞாயிறு, திசம்பர் ஏழு, ஏரிக் காப்புக் குழுவின் கூட்டம். ஆறு கடை என்று மேடையில் சொன்னதை மேடையிலேயே திருத்தப்போகிறேன். இருபது ஆண்டில் சொன்ன சொல்லை மேடையில் திரும்பப் பெறுவது இதுவே முதன்முறை.

ஓவியா


பெருங்களத்தூர்
2.12.2025

அக்கா!

பதில் வந்துவிட்டது. இரண்டே வரி. விளையாட்டின் இறுதி வடிவத்தைத் தளத்தில் நாம் ஏற்றும்வரை உடன்படிக்கை யாரையும் கட்டாதாம். நாம் இன்னும் ஏற்றவில்லை. ஆகவே தாராளமாக விலகிக்கொள்ளலாம், விளையாட்டு நன்றாக ஓடட்டும் என்று அபிகாயில் எழுதியிருக்கிறார். கட்டே விழாத கயிற்றுக்காக மூன்று வாரம் நாம் பேசாமல் இருந்திருக்கிறோம். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

பஸ்ஸில் வரும்போதுதான் படித்தேன். பெருங்களத்தூரில் இறங்கியது நினைவிருக்கிறது, ஜி.எஸ்.டி. ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். மறுநாள் நாலு மணிக்கு அலாரம் அடித்தது; அணைத்துவிட்டுத் தூங்கினேன். பஸ்ஸையே விட்டுவிட்டேன். அப்படி ஒரு தூக்கம்.

ஹார்பர், ஓப்பன்ஷெல்ஃப், அண்ணன் கடைக் கணினி. இந்த மூன்றுதான். புதிய விதியில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் அட்டைப்படங்கள் எல்லாம் சரியாகப் பொருந்தின. கண் கலங்கியது, படங்களுக்காக அல்ல.

ஒரே ஒரு தயக்கம். மூன்றாவது மதகைத் திறக்கும்போது, இரும்பு கிறீச்சிடும் சத்தம் கதவு அசைந்து அரை நொடி கழித்துத்தான் வருகிறது. எங்கே தவறு என்று பிடிபடவில்லை. ஹார்பர்காரர்கள் சோதித்துப் பார்க்க நாள் எடுப்பார்கள். இந்த வாரக் கடைசிக்குள் அல்லது திங்கள்கிழமைக்குள் சமர்ப்பித்தால்தான் பொங்கலுக்கு வரும். எனக்குத் துணிவு இல்லை. மாசிக்குத் தள்ளிவிடலாமா? நாலு பேர் பிழை தேட இருந்தார்கள், அவர்களையும் நாமே வேண்டாம் என்றுவிட்டோமே.

ஓப்பன்ஷெல்ஃபுக்கான பிரதியை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். நீயும் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்.

நிகத்


பீர்க்கன்கரணை
கார்த்திகை 22, 8.12.2025, காலை

நிகத்!

முதலில் நேற்றைய கூட்டம். ஏறத்தாழ இருநூறு பேர். நான் எழுந்தேன். "ஆறு கடைகளில் வெளிவரும் என்று சொன்னேன். அது தவறு. இரண்டு இணையக் கடைகளிலும், நம் பர்வேஸ் அண்ணன் கடைக் கணினியிலும் மட்டுமே வரும். என் பங்குதாரரைக் கேளாமல் அறிவித்தேன், பொறுத்தருள்க" என்றேன். சொல்லி முடித்தேன். இனி எந்த மேடையும் என்னை அழைக்காது என்று நினைத்தேன்.

பின்வரிசையில் வெற்றிவேல் எழுந்தார். குழுச் செயலாளர், உனக்குத் தெரியுமே. "அப்ப அன்னிக்கு ஆறுன்னு சொன்னது இன்னா கணக்கு?" என்றார். கணக்கே இல்லை, ஓசைக்காகச் சொன்னேன் என்றேன். கூட்டம் சிரித்தது பார், நிகத், என் வாழ்நாளில் எந்த முழக்கத்துக்கும் அப்படி ஓர் ஒலி எழுந்ததில்லை. அதற்குள் பச்சையம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றுகொண்டார்.

"அத்தினி கடை எங்களுக்கு இன்னாத்துக்கு ஓவியா? பாய் கடைல கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

இருக்கிறது என்றேன். "அப்ப ஒக்காரு" என்றார். அமர்ந்துவிட்டேன். இரண்டு திங்களாக நான் சுமந்ததை அவர் ஒரு சொல்லில் இறக்கிவைத்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் இருபது பேர் நேரே உன் அண்ணன் கடைக்கு வந்தோம். நீ கொடுத்த பிரதியைத் திறந்தார். இணையக் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினார். அந்த மனிதருக்கும் மேடை ஆசை இருக்கிறது. பச்சையம்மா தம் குரலைத் தாமே கேட்டுவிட்டு, "நானா இப்டிக் கத்துறேன்?" என்று நாணினார். பிறகு அவரே மூன்றாம் மதகைத் திறந்தார். கதவு அசைந்தது, அரை நொடி கழித்துக் கிறீச்சிட்டது. உன் குறையை நான் மெல்லச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவேன்?

"குறையா? துருப்புடிச்ச மதகு அப்டித்தான். மொதல்ல அசையும், அப்பறந்தான் கத்தும். நம்ம ஏரி மூணாவது மதகு முப்பது வருசமா அப்டித்தான் கீது. இந்தப் பொண்ணு நேர்ல வந்து பாத்துட்டுத்தான் செஞ்சிருக்கு."

சூழ நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். நீ நேரில் வந்து பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நான்கு பேர் பிழை தேட இருந்தார்களே என்று வருந்தினாயே. இருபது பேர் தேடினார்கள். இரண்டு பிழை கண்டார்கள். இரண்டும் என் உரையாடலில்.

ஆகவே, நிகத், இனித் தள்ளிவைக்க ஒன்றும் இல்லை. இன்று திங்கள். நீ குறித்த கடைசி நாள். இந்த மடலைக் கொண்டுவந்திருக்கும் உன் அண்ணன் வாசலிலேயே நிற்பார். நீ அனுப்பியதைக் கண்ணால் காணாமல் கடையைத் திறக்கமாட்டேன் என்று எனக்குச் சொல் கொடுத்திருக்கிறார். நாற்பத்திரண்டு பேர் தைப் பொங்கலுக்குத் தங்கள் குரலை ஊருக்குக் காட்டக் காத்திருக்கிறார்கள். உன் எண்ணின் தடையை நீக்கிவிட்டேன்.

மடலை மடித்துவைக்காதே. எழு. கணினியைத் திற. ஹார்பரிலும் ஓப்பன்ஷெல்ஃபிலும் விசையை அழுத்து. அழுத்திய கையோடு என்னை அழை. இப்போதே!

ஓவியா